அப்பா இயேசுவை அறிக்கையிடாமல் இறந்தார்; அவருக்கு இரட்சிப்பு இல்லையா?

சேலம் அம்மாப்பேட்டையில் பிறந்து, இப்போது ஏற்காட்டில் வேலை பார்க்கும் ஒரு சகோதரி எழுதிக் கேட்டிருக்கிறார். இயேசுவை விசுவாசித்து ஞானஸ்நானம் பெற்றவர். அப்பா கைத்தறி நெசவாளர். ஆடி மாதம் கோட்டை மாரியம்மனுக்கு விரதம் இருப்பதை எந்த வருடமும் விட்டதில்லை. மகள் ஞானஸ்நானம் பெற்றதைத் தடுக்கவும் இல்லை. படுக்கையில் இருந்த கடைசி மாதங்களில் மகள் 23-ஆம் சங்கீதத்தை வாசித்தால் "நன்றாக இருக்கிறது, இன்னொரு தடவை படி" என்பாராம். அதற்கு மேல் எதுவும் சொல்லாமலே காலமாகிவிட்டார். சில மாதங்கள் கழித்து, மலைமேல் நடந்த ஒரு தியானக் கூடுகையில் பேச வந்த ஒருவர், கிறிஸ்துவை ஏற்காமல் இறந்தவர்கள் இந்த நிமிடம் அக்கினியில் கதறிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லி, அப்படித் தாய் தகப்பனை இழந்தவர்களைக் கை உயர்த்தச் சொன்னாராம். இந்தச் சகோதரியும் உயர்த்தியிருக்கிறார்.

அவர் கேட்பது மூன்று. வேதம் உண்மையில் அப்படித்தான் சொல்கிறதா? அதை ஏற்க மனம் வராவிட்டால், வேதத்தையே மறுதலித்தவள் ஆகிவிடுவேனா? வரப்போகும் வருடத் திதிக்கு அண்ணன்கள் கூப்பிடுகிறார்கள், போகலாமா?

சகோதரி, முதலில் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். இயேசு கிறிஸ்து ஒருவரே இரட்சகர் என்று நான் விசுவாசிக்கிறேன். பல காலமாக இந்த மாவட்டத்துக் கிராமச் சபைகளில் பிரசங்கம் செய்கிறவன், இதைத்தான் பிரசங்கிக்கிறேன். இந்த அறிக்கையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து உங்களுக்கு ஆறுதல் தர மாட்டேன். அப்படிப்பட்ட ஆறுதல் நிற்காது. ஆனால் அந்தக் கூடுகையில் உங்களிடம் சொல்லப்பட்டது இந்த அறிக்கையைத் தாண்டிப் போய்விட்டது. எந்த இடத்தில் தாண்டியது என்று காட்டத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

"நானே வழியும் சத்தியமும் ஜீவனுமாயிருக்கிறேன், என்னாலேயல்லாமல் ஒருவனும் பிதாவினிடத்தில் வரான்." யோவான் 14-ஆம் அதிகாரத்தின் 6-ஆம் வசனம். நம் ஊரில் பல வீட்டு வாசல்களில் எழுதியிருக்கும் வசனம். அதே அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து படியுங்கள். இரவு நேரம். பந்தி முடிந்துவிட்டது. யூதாஸ் எழுந்து போய்விட்டான். சேவல் கூவுவதற்குள் மூன்று தரம் மறுதலிப்பாய் என்று பேதுரு அப்போதுதான் கேட்டிருக்கிறான். எல்லாருடைய முகமும் வாடிக் கிடக்கிறது. அவர்களிடம் ஆண்டவர் சொல்லும் முதல் வார்த்தை "உங்கள் இருதயம் கலங்காதிருப்பதாக" என்பது. இரண்டாவது, "என் பிதாவின் வீட்டில் அநேக வாசஸ்தலங்கள் உண்டு." அதன்பிறகு தோமா, நீர் போகிற இடமே தெரியாதபோது வழியை எப்படி அறிவோம் என்று கேட்கிறான். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் 6-ஆம் வசனம் வருகிறது. பயந்துபோன சொந்த சீஷர்களைத் தேற்றுவதற்காகச் சொன்ன வார்த்தை அது. துக்கத்தில் இருக்கும் ஒரு மகளைக் கலங்கடிக்க அதைப் பயன்படுத்துகிறவர், முதல் வசனத்தை மறந்துவிட்டு ஆறாம் வசனத்தைப் படிக்கிறார்.

அப்போஸ்தலர் நடபடிகள் 4-ஆம் அதிகாரமும் இப்படித்தான். "அவராலேயன்றி வேறொருவராலும் இரட்சிப்பு இல்லை" என்று பேதுரு சொன்னது, தேவாலய வாசலில் சப்பாணியாய்க் கிடந்த ஒரு மனிதனை நடக்கவைத்ததற்காகக் கைதுசெய்யப்பட்டு, இயேசுவைக் கொலைக்கு ஒப்புக்கொடுத்த அதே ஆலோசனைச் சங்கத்தின் முன் நிறுத்தப்பட்டபோது. எந்த நாமத்தினாலே இதைச் செய்தீர்கள் என்று அதிகாரிகள் கேட்கிறார்கள். நீங்கள் சிலுவையில் அறைந்தவருடைய நாமத்தினாலே என்று கைதி பதில் சொல்கிறான்.

சூழலைச் சொல்லி வசனத்தின் கனத்தைக் குறைக்க நான் முயலவில்லை. "என்னாலேயல்லாமல் ஒருவனும்" என்றால் ஒருவனும்தான். உங்கள் அப்பா, என் அப்பா, பவுல், ஆபிரகாம் யாராக இருந்தாலும் பிதாவினிடத்தில் சேர்ந்தால் கிறிஸ்துவின் வழியாகத்தான் சேர முடியும். இதில் விலக்கு கிடையாது.

இப்போது ஆபிரகாமை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் இயேசுவின் பெயரைக் கேட்டதில்லை. சிலுவை பற்றி அவருக்குத் தெரியாது. ஆனாலும் ரோமர் 4-ஆம் அதிகாரத்தில் விசுவாசிகள் எல்லாருக்கும் தகப்பன் என்று பவுல் அவரைத்தான் காட்டுகிறார். எபிரெயர் 11-இல் வரும் பட்டியலில் எரிகோவின் வேசியாகிய ராகாப் இருக்கிறாள். ஆபிரகாமை ஆசீர்வதித்த மெல்கிசேதேக்கு இஸ்ரவேலனே இல்லை. ஊத்ஸ் தேசத்து யோபு, இஸ்ரவேலின் உடன்படிக்கைக்கு வெளியே நின்ற உத்தமன். இவர்கள் இரட்சிக்கப்பட்டார்கள் என்றால், அதுவும் கிறிஸ்துவின் பலியினால்தான் என்பதே சபையின் போதனை. அப்படியானால், அவர் ஒருவரே வழி என்பதும், அந்த வழியில் கொண்டுசேர்க்கப்பட்ட எல்லாரும் பூமியில் அவர் பெயரைத் தெரிந்து சொல்லியிருக்க வேண்டும் என்பதும் ஒரே கூற்று ஆகாது. முதலாவதை வேதம் சொல்கிறது. இரண்டாவதை வேதமே பல இடங்களில் மீறிக் காட்டுகிறது.

"அவர்கள் கிறிஸ்துவுக்கு முந்தினவர்கள், இது கிருபையின் காலம்" என்று உங்களுக்குப் பதில் வரும். வரட்டும். கிறிஸ்துவுக்குப் பிந்தி வாழ்ந்த ஒருவனுக்கு அவரைப் பற்றிய செய்தியே எட்டாதபோது அவன் நிலை எப்படி வேறுபடும்? நீங்கள் இருக்கும் மலையையே பாருங்கள். சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய வாய்மொழி வரலாறு. உச்சியில் உள்ள குகைக் கோயிலில் சேர்வராயனையும் காவேரி அம்மனையும் கும்பிட்டுத் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்தவர்கள். லண்டன் மிஷனரி சங்கம் கீழே சேலத்தில் வேலையைத் தொடங்கியது 1827-இல். அதற்கு நூறு வருடம் முன்னால் இந்த மலையில் சாமை விதைத்து, பிள்ளை பெற்று, நோயில் விழுந்து இறந்த ஒரு தாயின் காதில் சுவிசேஷம் விழ எந்த வழியும் இருக்கவில்லை. "கேள்விப்படாதவர்கள் எப்படி விசுவாசிப்பார்கள்?" என்று பவுலே கேட்கிறார். பிரசங்கிகளை அனுப்ப வேண்டும் என்பதற்காகத்தான் அதைக் கேட்கிறார். ஆனாலும் கேள்விப்படாத அந்தத் தாய் எதைக் கொண்டு நியாயந்தீர்க்கப்படுவாள் என்பதற்கு, அதே ரோமர் நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தில், நியாயப்பிரமாணமில்லாத புறஜாதியாரின் இருதயங்களில் எழுதியிருப்பதையும் அவர்கள் மனச்சாட்சி சொல்லும் சாட்சியையும் அவர் சுட்டுகிறார்.

உங்கள் அப்பா கேள்விப்படாதவர் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதனால் கடினமான வசனத்துக்கு வருகிறேன். யோவான் 3:18, விசுவாசியாதவன் "ஆக்கினைத்தீர்ப்புக்குட்பட்டாயிற்று" என்கிறது. இதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் ஆண்டவர் அந்த இடத்தில் நிறுத்தவில்லை. அடுத்த வசனத்தில் காரணத்தைச் சொல்கிறார்: ஒளி உலகத்தில் வந்திருந்தும், மனுஷருடைய கிரியைகள் பொல்லாதவையாக இருப்பதால் அவர்கள் ஒளியைவிட இருளை விரும்புகிறார்கள், அதுவே தீர்ப்புக்குக் காரணம். ஒளியைக் கண்டு, அது ஒளி என்று தெரிந்து, தன் தீமை வெளிப்பட்டுவிடும் என்று ஓடுகிறவனைப் பற்றிய வார்த்தை அது. சங்கீதத்தை இன்னொரு தடவை படி என்று கேட்ட மனிதர் ஒளியைக் கண்டு ஓடினவரா? அவருக்குள் என்ன நடந்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, மேடையில் நின்றவருக்கும் தெரியாது. கேட்பதும் தள்ளிவிடுவதும் எப்போதும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நடப்பதில்லை. நம்மில் பலர் கிறிஸ்துவைப் பற்றிக் கேள்விப்பட்டது, பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவனின் வட்டிக் கணக்கையும் சாதிப் பெருமையையும் பார்த்தபடிதான். அப்படிக் கேள்விப்பட்டு ஒதுங்கியவன் தள்ளியது கிறிஸ்துவையா, அந்த அண்டைவீட்டுக்காரனையா?

மாற்கு 16:16-ஐயும் எடுத்துக் காட்டுவார்கள். அந்த அதிகாரத்தின் 9-ஆம் வசனம் முதல் 20-ஆம் வசனம் வரையுள்ள பகுதி, நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த மிகப் பழைய இரண்டு கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளிலும் இல்லை. ஆகவே அதை மட்டும் வைத்து ஒரு கோட்பாட்டைக் கட்டுவது சரியாக இருக்காது.

இதற்கு மறுபுறத்தில் ஒரு தவறு நடப்பதையும் சொல்ல வேண்டும். கொர்நேலியுவின் கதையை எடுத்துக்கொண்டு, நல்லவனாக இருந்தால் போதும் என்று சிலர் முடிவுகட்டுகிறார்கள். தேவன் பட்சபாதமுள்ளவரல்ல, எந்த ஜனத்திலும் அவருக்குப் பயந்து நீதி செய்கிறவன் அவருக்கு உகந்தவன் என்று பேதுரு அந்த ரோமப் படைத்தலைவன் வீட்டில் சொன்னது உண்மை. ஞானஸ்நானத்துக்கு முன்பே அவனுடைய ஜெபமும் தானதருமமும் தேவசந்நிதியில் எட்டியிருந்தன. ஆனாலும் தேவன் அவனை அப்படியே விட்டுவிடவில்லை. யோப்பாவிலிருந்து பேதுருவை வரவழைத்து கிறிஸ்துவை அறிவிக்கச் செய்தார். சுவிசேஷம் தேவையில்லை என்பதற்கு அந்த அதிகாரம் சாட்சி சொல்லாது. சுவிசேஷம் வந்து சேருவதற்கு முன்பே தேவன் அந்த வீட்டுக்குள் இருந்தார் என்பதற்குச் சாட்சி சொல்லும். மிஷனரி வேலையில் நான் கண்ட பெரிய ஆறுதலும் இதுதான்.

மத்தேயு 25-ஐயும் இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். நியாயத்தீர்ப்பு நாளில் வலதுபக்கம் நிற்கிறவர்கள் "உம்மை எப்போது பசியுள்ளவராகக் கண்டோம்" என்று ஆச்சரியப்பட்டுக் கேட்கிறார்கள். தாங்கள் யாருக்குச் செய்தோம் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. "என் சகோதரர்" என்று அங்கே சொல்லப்படுவது சீஷர்களை மட்டுமே குறிக்கும் என்று வாதிடும் உரையாசிரியர்களும் உண்டு. அப்படியே வைத்துக்கொண்டாலும் அந்த ஆச்சரியம் குறையவில்லை. 7-ஆம் அதிகாரத்தில் ஆச்சரியம் எதிர்ப்பக்கம் போகிறது: உம்முடைய நாமத்தினாலே தீர்க்கதரிசனம் சொன்னோமே, பிசாசுகளைத் துரத்தினோமே என்று வருகிறவர்களை அவர் அறிய மாட்டேன் என்கிறார். கூடுகை நடத்துகிறவர்களும் என்னைப் போன்ற பிரசங்கிகளும் நடுங்க வேண்டிய இடம் இது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நரகத்தைப் பற்றி அந்த மனிதர் சொன்னதை ஏற்காவிட்டால் வேதத்தை மறுதலித்தவள் ஆவேனா என்கிறீர்கள். ஆக மாட்டீர்கள். நியாயத்தீர்ப்பு உண்டு என்பதை விசுவாசியுங்கள். ஆண்டவரே அதைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசியிருக்கிறார். ஆனால் இன்னார் இந்த நேரம் இன்ன இடத்தில் இருக்கிறார் என்று ஒரு தனிமனிதரின் பெயரைச் சொல்லித் தீர்ப்பு வாசிக்க வேதம் யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை. "கர்த்தர் வருமளவும் காலத்துக்குமுன்னே யாதொன்றைக்குறித்தும் தீர்ப்புச் சொல்லாதிருங்கள்" என்று கொரிந்தியருக்கு எழுதினது பவுல். வேதத்தை நம்புகிறவர்கள் அது சொல்லும் இடத்தில் கேட்க வேண்டும். அது சொல்லாமல் விட்ட இடத்தில் வாய்மூடவும் வேண்டும்.

இந்தக் கேள்வியில் தவித்த முதல் ஆள் நீங்கள் இல்லை. நம் முத்துக்குளித்துறையில் பரதவர் நடுவே ஊழியம் செய்த பிரான்சிஸ் சவேரியார், பிறகு ஜப்பான் போனார். அங்கே யாமகுச்சி நகரில் புதிதாக விசுவாசித்தவர்கள், எங்கள் முன்னோருக்கு வழியே இல்லையா, ஜெபத்தாலும் தானத்தாலும் அவர்களை மீட்க முடியாதா என்று கேட்டார்கள். முடியாது என்று அவர் சொன்னார். அவர்கள் அழுதார்கள். 1552-இல் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே இதைப் பதிவுசெய்திருக்கிறார். தம் நண்பர்கள் ஆற்றமுடியாமல் அழுவதைக் கண்டு தமக்கும் மனம் வலித்ததை மறைக்கவில்லை. அவருடைய பதில் அக்காலத்துக்குப் புதிதல்ல. திருச்சபைக்கு வெளியே இரட்சிப்பு இல்லை என்ற வாக்கு மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியானிடமிருந்து வருகிறது. சபையை விட்டுப் பிரிந்துபோனவர்களோடு நடந்த வழக்கில் அவர் சொன்னது. 1442-இல் புளோரன்ஸ் நகரில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கம் அதையே யூதர், புறசமயத்தார் எல்லார்மேலும் விரித்துக் கடுமையாக அறிக்கையிட்டது. உங்களிடம் பேசியவரின் பின்னால் இவ்வளவு நீண்ட மரபு இருக்கிறது. அவரை நான் அற்பமாக எண்ணவில்லை.

ஆனால் மரபு அந்த ஒரு குரல் மட்டும் இல்லை. இரண்டாம் நூற்றாண்டிலேயே ஜஸ்டின் என்னும் இரத்தசாட்சி, சாக்ரடீஸ் போன்றவர்கள் தேவவார்த்தையின் ஒளியில் வாழ்ந்தவர்கள் என்று எழுதினார். சீர்திருத்தத் தந்தைகளில் ஒருவரான சுவிங்லி 1531-இல், பரலோகத்தில் சாக்ரடீஸையும் காண்போம் என்று பிரெஞ்சு அரசருக்கு எழுதினார். லூத்தர் அதைப் படித்துக் கொதித்துப்போனார். சீர்திருத்தச் சபைகள் இந்தக் கேள்வியில் ஆரம்பத்திலிருந்தே ஒரே குரலில் பேசவில்லை என்பதற்கு இது போதும். கத்தோலிக்கத் திருச்சபை 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், தன் குற்றமில்லாமல் சுவிசேஷத்தை அறியாமல், நேர்மையான மனதோடு கடவுளைத் தேடி மனச்சாட்சியின்படி வாழ்கிறவர்களும் இரட்சிப்பை அடையக்கூடும் என்று அறிவித்தது. அதுவும் கிறிஸ்துவின் கிருபையால்தான் என்று சேர்த்தே சொன்னது. மறுபக்கம் 1974-இல் லொசான் நகரில் கூடிய சுவிசேஷகச் சபைகள், இயற்கையின் வழியாக எல்லாரும் தேவனைக் கொஞ்சம் அறிகிறார்கள், ஆனால் அந்த அறிவு இரட்சிக்காது என்று உடன்படிக்கை எழுதின. இன்று ஏற்காட்டில் ஒரு கத்தோலிக்கத் துறவு இல்லத்திலும், அதே சாலையில் இன்னொரு ஜெப வீட்டிலும் நீங்கள் வேறு வேறு பதில் கேட்பதன் காரணம் இதுதான்.

எனக்கு வழி காட்டியவர் லெஸ்லி நியூபிகின். ஸ்காட்லாந்துச் சபையின் மிஷனரியாக வந்து, காஞ்சிபுரத்தில் வேலை செய்து, தமிழ் கற்று, 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரைக்குப் பேராயராக நியமிக்கப்பட்டவர். கிறிஸ்துவில் தேவன் செய்த காரியத்துக்கு இணை எதுவும் இல்லை என்பதில் அவர் கடுகளவும் விட்டுக்கொடுக்கவில்லை. அதே உறுதியோடு, யார் இரட்சிக்கப்படுவார், யார் மாட்டார் என்று சொல்லும் உரிமை தமக்கு இல்லை என்றும் மறுத்தார். கடைசி நாள் எல்லாருக்கும் ஆச்சரியமாக இருக்கும் என்று வேதமே எச்சரிப்பதை அவர் விடாமல் சுட்டிக்காட்டினார். நானும் அங்கேதான் நிற்கிறேன்.

உங்களைச் சுற்றியுள்ளவர்கள் இரண்டு சுலபமான ஆறுதல்களைத் தருவார்கள். இரண்டையும் வாங்கிக்கொள்ளாதீர்கள். ஒன்று, எல்லா நதியும் ஒரே கடலில் சேரும் என்பது. கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் எல்லாச் சமயத்தாரும் தங்களைப் பற்றி அப்படிச் சொல்வதில்லை. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரின் கட்டு) என்று தொடங்கும் சைவ சித்தாந்தம், பாசத்திலிருந்து விடுவிப்பது சிவன் அருளே என்று உறுதியாகச் சொல்கிறது. வேறு எவராலும் ஆகும் என்று அது சொல்லவில்லை. உங்கள் அப்பா ஆடியில் மாரியம்மனிடம் கேட்டது மோட்சம் என்று நான் நினைக்கவில்லை. மழை கேட்டிருப்பார், தறி நிற்காமல் ஓட வேண்டும் என்று கேட்டிருப்பார், பிள்ளைகளுக்கு நோய் வரக்கூடாது என்று கேட்டிருப்பார். அவர் கேட்காத ஒன்றை அந்த வழிபாடு அவருக்குக் கொடுத்தது என்று சொல்வதும், கொடுக்கவில்லை என்று குற்றம் சொல்வதும் அவருடைய பக்தியைச் சரியாகக் கவனிக்காமல் பேசுவதாகும்.

மற்றொன்று, அவர் தம்மை அறியாமலே கிறிஸ்தவராக இருந்தார் என்பது. கார்ல் ரானர் என்ற பெரிய இறையியலாளர் இதற்கு அருகில் ஒரு கருத்தைச் சொன்னார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் உயிரோடிருந்தபோது தம்மை மாரியம்மன் பக்தர் என்று சொல்லிக்கொண்ட ஒரு மனிதருக்கு, மறுக்க முடியாத நிலையில் படுத்தபிறகு இன்னொரு பெயர் சூட்டுவது நியாயமில்லை. சங்கீதத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னதை இரகசிய விசுவாசம் என்று நான் பெரிதாக்க மாட்டேன். மகள் குரலைக் கேட்கும் ஆசையாகவும் இருந்திருக்கலாம். அது என்ன என்று மேய்ப்பருக்குத் தெரியும். அவரை அப்படியே, அம்மாப்பேட்டை நெசவாளராகவே, தேவன் கையில் விடுங்கள். "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று சோதோமுக்காகப் பரிந்து பேசினபோது ஆபிரகாம் கேட்டாரே, அந்தக் கேள்வியை உங்கள் ஜெபமாக வைத்துக்கொள்ளுங்கள். சிலுவையில் பக்கத்தில் தொங்கினவனுக்கு ஞானஸ்நானம் இல்லை, உபதேச வகுப்பு இல்லை, ஒரு ஞாயிறு ஆராதனைகூட இல்லை என்பதையும் மறக்காதீர்கள். கடைசி மூச்சின் பக்கத்தில் நடப்பதை நாம் பார்க்க முடியாது.

அந்தக் கூடுகையைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். தம் இனத்தாரில் பலர் கிறிஸ்துவை ஏற்காததைப் பற்றிப் பவுலும் பேசுகிறார், ரோமர் 9-இல். "எனக்கு மிகுந்த துக்கமும் இடைவிடாத மனவேதனையும்" உண்டு என்கிறார். அவர்களுக்காக நானே கிறிஸ்துவைவிட்டுச் சபிக்கப்பட்டவனாகத் தயார் என்கிறார். நரகத்தைப் பற்றிப் பிரசங்கிக்கிறவன் இந்த வேதனையோடு பிரசங்கிக்க வேண்டும். பெற்றோரை இழந்தவர்களைக் கை உயர்த்தச் சொல்லி எண்ணிக்கை பார்ப்பதில் அந்த வேதனை எங்கே இருக்கிறது? தங்களை ஏற்காத சமாரியக் கிராமத்தின்மேல் அக்கினியை இறக்கட்டுமா என்று யாக்கோபும் யோவானும் கேட்டபோது ஆண்டவர் திரும்பி அவர்களை அதட்டினார். இரட்சிக்கப்படுகிறவர்கள் சிலபேர்தானோ என்று ஒருவன் எண்ணிக்கை கேட்டபோது, எண்ணிக்கை சொல்லாமல், இடுக்கமான வாசல் வழியாய் நீங்கள் உட்பிரவேசிக்கப் பிரயாசப்படுங்கள் என்று கேட்டவன் பக்கமே திருப்பிவிட்டார். யோவானைக் காட்டி "இவன் காரியம் என்ன" என்று பேதுரு கேட்டதற்கும், "உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா" என்பதே பதில். உங்கள் சபைப் போதகரிடம் போய் அன்று நடந்ததைச் சொல்லுங்கள். அடுத்த கூடுகையில் இன்னொரு மகளுக்கு அது நடக்கக் கூடாது.

இனி திதி. இதில் சபைகளுக்குள் ஒத்த கருத்து இல்லை. ஆகவே என் ஆலோசனையை உங்கள் போதகர் சொல்வதோடு வைத்துப் பாருங்கள். போங்கள் என்பேன்.

தமஸ்குவின் படைத்தலைவன் நாகமான் குஷ்டம் நீங்கி, இனி கர்த்தரைத் தவிர வேறே தேவர்களுக்குப் பலியிட மாட்டேன் என்று எலிசாவிடம் சொல்கிறான். இரண்டு கோவேறு கழுதை சுமக்குமளவு இஸ்ரவேலின் மண்ணைக் கேட்டு வாங்குகிறான். கூடவே தயங்கித் தயங்கி ஒன்றைச் சொல்கிறான்: என் ராஜா ரிம்மோன் கோயிலில் பணியும்போது என் கையில்தான் சாய்வார், நானும் குனிய வேண்டிவரும், இந்தக் காரியத்தைக் கர்த்தர் மன்னிப்பாராக. எலிசா பிரசங்கம் செய்யவில்லை. "சமாதானத்தோடே போ" என்றார். குடும்பத்துக்குள் தனியாய் விசுவாசித்து நிற்கிற எல்லாருக்கும் அந்தப் பகுதி வேதத்தில் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

எது வழிபாடு, எது குடும்பக் கடமை என்று பிரிப்பது நம் பகுதியில் பழைய வழக்கு. தத்துவ போதகர் என்று அழைக்கப்பட்ட கத்தோலிக்க மிஷனரி ராபர்ட் டி நொபிலி 1623-இல் மதுரையிலிருந்து புறப்பட்டு, திருச்சி, சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வந்தார். பூணூலும் குடுமியும் சமூக அடையாளம்தான், அவற்றை விடாமலே ஒருவன் கிறிஸ்தவனாகலாம் என்று அவர் பல வருடம் வாதாடி, அதே ஆண்டு ஜனவரியில் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியாரின் அனுமதியையும் பெற்றிருந்தார். சாதிப் பிரிவினையையும் சமூக வழக்கம் என்றே அவர் ஏற்றுக்கொண்டதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதன் விளைவைத் தமிழ்ச் சபைகள் இன்றுவரை சுமக்கின்றன. ஆனால் மதம் மாறுகிறவன் தன் மக்களுக்கு அந்நியனாகிவிடக் கூடாது என்று அவர் கண்டது சரி.

கொரிந்தியருக்குப் பவுல் எழுதியதும் இதற்கு உதவும். அவிசுவாசியின் வீட்டு விருந்துக்குப் போனால் வைத்ததை விசாரியாமல் சாப்பிடு என்கிறார். இது படைக்கப்பட்டது என்று ஒருவன் எடுத்துச் சொன்னால், சொன்னவனுக்காகச் சாப்பிடாதே என்கிறார். இரண்டும் ஒரே அதிகாரத்தில்தான் இருக்கின்றன. ஆகவே முந்தின நாளே போய்விடுங்கள். அம்மாவுடன் தங்குங்கள். காய் நறுக்குங்கள், வருகிறவர்களுக்குப் பந்தி பரிமாறுங்கள், செலவில் உங்கள் பங்கைக் கொடுங்கள். பிண்டம் வைப்பதும் மந்திரமும் எப்படியும் அண்ணன்கள் செய்வது. அந்த நேரத்தில் நீங்கள் அறையிலேயே அமைதியாக இருக்கலாம். எழுந்து வெளியே ஓட வேண்டாம். அப்பா படத்துக்கு மாலை போடுவதில் எந்தத் தவறும் எனக்குத் தெரியவில்லை. கர்ப்பூரம் காட்டச் சொன்னால், என் மனச்சாட்சி இடம் கொடுக்காது அண்ணா என்று தணிந்த குரலில் சொல்லுங்கள். படையலில் வைத்த சோற்றையும் அப்படியே. எல்லாம் முடிந்தபின் அம்மா சம்மதித்தால் அந்தச் சங்கீதத்தை அப்பா படத்தின் முன் ஒரு தடவை வாசியுங்கள். அதைச் சுவிசேஷக் கூட்டமாக மாற்றிவிடாதீர்கள்.

இவற்றில் எதைச் செய்வேன், எதைச் செய்ய மாட்டேன் என்று பெரிய அண்ணனிடம் ஒரு வாரம் முன்னதாகவே போனில் பேசிவிடுங்கள். புரோகிதர் வந்து உட்கார்ந்தபிறகு உறவினர் நடுவில் அதைச் சொன்னால், அவர் தலைகுனிய வேண்டிவரும். நீங்கள் விசுவாசத்தால் மறுத்தீர்கள் என்பதை யாரும் பார்க்க மாட்டார்கள்.